மியாமி 1986: அடிபட்ட கையும் துப்பாக்கிப் பயிற்சியும்

துப்பாக்கிகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு 1986 ஏப்ரல் 11 தெரிந்த தேதிதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மியாமிக்குத் தெற்கே உள்ள புறநகர்ப் பகுதி ஒன்றில், எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் எட்டுப் பேருக்கும் கொள்ளையர்கள் இருவருக்கும் இடையே சண்டை நடந்தது. எட்டுக்கு இரண்டு! ஆனாலும் ஏஜெண்டுகளில் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள், ஒரே ஒருவர்தான் கீறல் இல்லாமல் தப்பினார். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "இதற்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. தன் தோட்டாவை மாற்றியது." உண்மைதான். ஆனால் அன்று சண்டையை முடித்துவைத்தது பழைய தோட்டாவும், ஒரு கை நொறுங்கிப்போன ஒரு மனிதரும். தோட்டாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அந்தக் கையைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம்தான்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் இருவரும் முன்னாள் ராணுவத்தினர். கென்டக்கியில் உள்ள ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில் பழக்கமானவர்கள். வெளிப்பார்வைக்கு அக்கம்பக்கத்தாரோடு நன்றாகப் பழகும் குடும்பஸ்தர்கள். பல மாதங்களாக வங்கிகளையும் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டிகளையும் கொள்ளையடித்து வந்தார்கள். ஆளில்லாத இடத்தில் துப்பாக்கி சுட்டுப் பழக வந்தவர்களைச் சுட்டுவிட்டு, அவர்களுடைய காரிலேயே கொள்ளைக்குப் போவது இவர்கள் வழக்கம். அப்படிச் சுடப்பட்டு, செத்துவிட்டார் என்று விட்டுப்போன ஒருவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய கறுப்பு மான்டி கார்லோ காரைத் தேடித்தான் அன்று காலை 14 ஏஜெண்டுகள் தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காரைக் கண்டதும் பின்தொடர்ந்தார்கள். பின்பு இடித்து, சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு நேரத்தில் வந்து சேர்ந்தவர்கள் எட்டுப் பேர்.

சண்டை தொடங்கும் முன்பே பாதி போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கார்கள் மோதிய அதிர்ச்சியில் ரிச்சர்ட் மனவ்சியின் ரிவால்வர் எங்கோ தெறித்து விழுந்தது. ஜான் ஹன்லனுடைய ரிவால்வரும் அப்படியே. பெஞ்சமின் குரோகன் நன்றாகக் குறிபார்த்துச் சுடக்கூடியவர் என்று பேர் எடுத்தவர். அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. எதிரே பிளாட்டின் கையில் ரூகர் மினி-14 ரைஃபிள். ஏஜெண்டுகளிடம் பெரும்பாலும் ஆறு குண்டு ரிவால்வர்கள், சில 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள், ஓரிரு ஷாட்கன்கள்.

அதன்பிறகு நடந்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. கை.

மேற்பார்வையாளராக இருந்த கோர்டன் மெக்நீலுக்கு வலது கையில் குண்டு பட்டது. ரிவால்வரில் இருந்த ஆறு தோட்டாவும் தீர்ந்தன. மறுபடி நிரப்பப் பார்த்தால், கையிலிருந்து சிதறிய எலும்பும் சதையும் ரத்தமும் சிலிண்டருக்குள் போய் அடைத்துக்கொண்டு, தோட்டா உள்ளே போகவில்லை. சற்று நேரத்தில் கழுத்தில் சுடப்பட்டு விழுந்தார் (பிழைத்துக்கொண்டார்). ஹன்லன் கணுக்காலில் வைத்திருந்த இரண்டாவது ரிவால்வரால் சுட்டுத் தீர்த்துவிட்டு, தோட்டா நிரப்பும்போது அவருடைய கையிலேயே குண்டு பட்டது. ஜெர்ரி டவ்வின் 9 மி.மீ. கைத்துப்பாக்கி மேலேயே ஒரு குண்டு விழுந்து அதைப் பயனில்லாமல் செய்துவிட்டது. எட்முண்டோ மிரேலெஸ் தெருவைக் கடந்து ஓடிவரும்போது இடது முன்கையில் ரைஃபிள் குண்டு பட்டு எலும்பு நொறுங்கியது.

இதெல்லாம் தற்செயல் இல்லை என்பது பயிற்சியாளர்கள் சொல்வது. சண்டையில் ஒருவனுடைய கண் எதிராளியின் துப்பாக்கியின் மேல்தான் நிற்கும். கண் போகிற இடத்துக்குக் குண்டும் போகும். போதாததற்கு, இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் கைகள் நெஞ்சுக்கு முன்னால்தான் இருக்கும். சினிமாவில் கதாநாயகனுக்குத் தோளில் குண்டு படும், கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு மறு காட்சியில் பைக் ஓட்டுவார். நிஜத்தில் முன்கை எலும்பு உடைந்தால் விரல் மடங்காது. அவ்வளவுதான். வலி பொறுப்பதெல்லாம் அதற்கடுத்த பிரச்சனை.

இப்போது மிரேலெஸ். அவர் கையில் இருந்தது ரெமிங்டன் 870 வகை ஷாட்கன். இது பம்ப் வகை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலுக்குக் கீழே உள்ள பிடியை ஒரு கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா வரும். ஆக, இரண்டு கை கட்டாயம் வேண்டிய ஆயுதம். அவருக்கோ ஒரு கைதான் இருக்கிறது. மெக்நீலின் காருக்குப் பின்னால் தரையில் கிடந்தபடி, துப்பாக்கியை பம்பர் மேல் வைத்துச் சுட்டார். பிறகு அதைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையாலேயே பம்பை இழுத்தார். மறுபடி பம்பர் மேல் வைத்தார். சுட்டார். மறுபடி தொடை. இப்படி ஐந்து முறை! ஷாட்கன் தீர்ந்ததும் எழுந்தார். பிளாட்டும் மேட்டிக்ஸும் ஏஜெண்டுகளின் காரிலேயே ஏறித் தப்பிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அதைக் கிளப்ப முடியவில்லை. மிரேலெஸ் ரிவால்வரை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் காரை நோக்கி நடந்து ஆறு தோட்டாவையும் சுட்டார். அதோடு சண்டை முடிந்தது. குரோகனும் டவ்வும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

மொத்தம் ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. எஃப்.பி.ஐ.யின் வீரப் பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டது மிரேலெஸுக்குத்தான்.

சரி, எஃப்.பி.ஐ. இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது? பிரேதப் பரிசோதனையில் பிளாட்டின் உடலில் 12 காயங்கள், மேட்டிக்ஸ் உடலில் 6. இருவர் ரத்தத்திலும் போதை மருந்து எதுவும் இல்லை. எல்லோருடைய கவனமும் போனது ஒரே ஒரு குண்டின் மேல். சண்டையின் தொடக்கத்திலேயே டவ் சுட்ட 9 மி.மீ. தோட்டா பிளாட்டின் வலது மேல்கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், இதயத்தைத் தொடாமல் சுமார் ஒரு அங்குலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் உடனே சாகவில்லை. அதற்குப் பிறகுதான் பிளாட் தன்னுடைய பெரிய சேதங்களை எல்லாம் செய்தான். "இன்னும் ஒரு அங்குலம் போயிருந்தால்..." என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. 1987இல் குவான்டிகோவில் மருத்துவர்களையும் தோட்டா நிபுணர்களையும் கூட்டி ஆலோசனை நடத்தினார்கள். தோட்டா குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோல் வந்தது. 10 மி.மீ. துப்பாக்கி வந்தது. அதன் உதைப்பு பலருக்கு அதிகமாக இருந்ததால் வேகம் குறைத்த தோட்டா வந்தது. அதைச் சின்னத் துப்பாக்கிக்குள் அடக்கலாமே என்று 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா வந்தது. அமெரிக்கப் போலீஸில் பாதிப்பேர் அதற்கு மாறினார்கள் என்று சொல்லும் அளவுக்கு அது ஓடியது.

ஒரு வணிகவியல் மாணவரின் கண்ணால் பார்த்தால் இது ஆச்சரியமே இல்லை. தோட்டாவின் குறையைப் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். டெண்டர் விடலாம், விலை பேசலாம், "புதிய துப்பாக்கி வாங்கிவிட்டோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதலாம். விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் நிம்மதி. அடிபட்ட கையின் குறையை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது? அதற்கு வேண்டியது நேரம். ஒவ்வொருவரும், ஒவ்வொரு ஆண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய, பார்க்கக் கோமாளித்தனமாகத் தெரிகிற ஒரு பயிற்சி. பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது எப்போதும் இந்த மாதிரித் தலைப்புதான்.

ஒற்றைக் கையால் சுடுவது அமெரிக்கப் போலீஸுக்குப் புதிது இல்லை. சொல்லப்போனால் பழைய காலத்தில் கைத்துப்பாக்கியை ஒரு கையால்தான் சுட்டார்கள். அதனால்தான் அதற்குக் கைத்துப்பாக்கி என்றே பேர். எஃப்.பி.ஐ. உருவாக்கிய பழைய ரிவால்வர் தேர்வில் இடது கையால் சுடும் பகுதியும் இருந்தது. ஆனால் அதன் காரணம் வேறு. சுவரின் இடது ஓரத்தில் ஒளிந்து நின்று சுடும்போது உடம்பு வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கை மாற்றினார்கள். கை போய்விட்டால் என்ன செய்வது என்பது அங்கே கேள்வியே இல்லை. தோட்டா நிரப்பும்போது இரண்டு கையும் நன்றாகவே இருக்கும் என்பது சொல்லப்படாத அனுமானம்.

அந்த அனுமானத்தை முதலில் ஆட்டிப் பார்த்தது மியாமிக்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த வேறொரு சம்பவம். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில் நெடுஞ்சாலைப் போலீஸார் நான்கு பேர் சில நிமிடங்களில் கொல்லப்பட்டார்கள். நால்வருமே இளைஞர்கள். அதிலிருந்துதான் "காவலர் உயிர் பிழைத்தல்" என்ற பேரில் தனியாக ஒரு பாடமே வளர்ந்தது. நியூஹாலைப் பற்றி ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. சாகும் தறுவாயிலும் ஒரு காவலர் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தாராம். பயிற்சி மைதானத்தில் தரை அசுத்தமாகக் கூடாது என்று அப்படித்தான் பழக்கியிருந்தார்களாம். கேட்கவே உலுக்குகிற கதை. ஆனால் பின்னாளில் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை, காலித் தோட்டாக்கள் தரையில்தான் கிடந்தன என்கிறார்கள். கதை பொய்யாக இருந்தாலும் அது கிளப்பிய கேள்வி பொய்யில்லை. பயிற்சியில் கை எதைச் செய்து பழகியதோ அதையேதான் ஆபத்திலும் செய்யும் என்றால், பயிற்சியில் ஒருமுறை கூட அடிபடாத கை அடிபட்டதும் என்ன செய்யும்?

மியாமிக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு உயிர் வந்தது. "காயம்பட்ட காவலர்" பயிற்சிகள் பல இடங்களில் பாடத்திட்டத்துக்குள் வந்தன. அவற்றின் செய்முறை எளிமையானது, ஆனால் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பயிற்சி பெறுபவரின் ஒரு கையை பெல்ட்டுக்குள் செருகச் சொல்வார்கள், அல்லது உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். "உன் வலது கை போய்விட்டது. துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது. எடு." இதுதான் முதல் கணக்கு. இடது கையை முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் வலது இடுப்பிலுள்ள உறையின் பூட்டைத் திறந்து, துப்பாக்கியைத் தலைகீழாக உருவி, தொடைகளுக்கு நடுவே வைத்துப் பிடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒரு கையால் வேட்டி கட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும்.

அடுத்தது தோட்டா நிரப்புவது. மெக்நீல் மாட்டிக்கொண்ட இடம். ரிவால்வர் என்றால் காலியானவற்றைத் தள்ளிவிட்டு, திறந்த சிலிண்டரோடு துப்பாக்கியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மேகசின் வைத்த கைத்துப்பாக்கி என்றால் அதை முழங்கால் மடிப்பிலோ தொடைகளுக்கு நடுவிலோ இடுக்கி, புது மேகசினைக் குத்தி ஏற்ற வேண்டும். பிறகு மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க இன்னொரு கை இல்லையே? அதற்குத் துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுனையை பெல்ட்டின் விளிம்பிலோ ஷூவின் குதிகாலிலோ மாட்டி, துப்பாக்கியை ஓங்கித் தள்ள வேண்டும். இதற்காகவே முன்புறம் செங்குத்தாக வெட்டிய குறிமுனைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன (பார்த்தீர்களா, விற்கக்கூடிய பொருள் ஒன்று இதிலும் கிடைத்துவிட்டது!).

இந்தப் பயிற்சியிலுள்ள சங்கடத்தையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியைத் தொடையில் இடுக்குவதும் முதுகுப்பக்கம் கொண்டுபோவதும், "குழலை உன் உடம்பை நோக்கித் திருப்பாதே" என்ற முதல் விதிக்கு நேர் எதிரான வேலைகள். மைதானத்தில் நிஜத் தோட்டாவோடு புதியவர்களை இதைச் செய்யவிட்டால் பாவனைக் காயம் நிஜக் காயமாகிவிடும். அதனால் டம்மித் தோட்டாவிலும், சுட முடியாத நீல நிற ரப்பர் துப்பாக்கியிலும்தான் நிறையப் பழக்குகிறார்கள். துறைகள் இதைத் தவிர்ப்பதற்கு நேரமின்மை ஒரு காரணம் என்றால், இந்த பயம் இன்னொரு காரணம். அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது.

கையைவிடக் கஷ்டமான பகுதி மனசு. 1980களின் பிற்பகுதியில் சாயத் தோட்டாக்கள் வந்தன. நிஜத் துப்பாக்கியில் சின்ன மாற்றம் செய்து சுடலாம். பட்ட இடத்தில் நிறம் ஒட்டும், சுரீரென்று வலிக்கும். ஒருவரை ஒருவர் சுட்டுப் பழக இது பெரிய வசதி. ஆனால் ஒரு பிரச்சனை. சாயம் பட்டதும் பயிற்சி பெறுபவர்கள் "அவுட்" ஆனதாக நினைத்துக் கையைத் தூக்கிவிட்டு நின்றார்கள், சின்ன வயதில் கள்ளன் போலீஸ் விளையாடியது போல. பயிற்சியாளர்கள் இதை ஆபத்தான பழக்கமாகப் பார்த்தார்கள். குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது என்று உடம்பு கற்றுக்கொண்டால், நிஜத்தில் பிழைக்கக்கூடிய காயத்திலும் ஆள் விழுந்துவிடுவார். எனவே பல பயிற்சிகளில் விதியை மாற்றினார்கள்: பட்டாலும் நிற்கக் கூடாது, பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லும்வரை தொடர வேண்டும்.

மியாமியை இந்தக் கோணத்தில் படித்தால் ஒரு கசப்பான விஷயம் தெரிகிறது. அன்று இதை நன்றாகச் செய்துகாட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மிரேலெஸ். இன்னொருவன் பிளாட். நுரையீரல் சுருங்கி, வலது கை பழுதாகி, சாகப்போகிற நிலையிலும் அவன் நகர்ந்து போய்ச் சுட்டுக்கொண்டே இருந்தான். "அவனை ஏன் தோட்டா நிறுத்தவில்லை?" என்று எஃப்.பி.ஐ. கேட்ட அதே கேள்வியை மிரேலெஸ் பக்கமும் திருப்பிக் கேட்டிருக்கலாம். பிளாட்டின் ரைஃபிள் குண்டு எஃப்.பி.ஐ. தோட்டாவைவிட எவ்வளவோ வலுவானது. அது ஏன் இவரை நிறுத்தவில்லை?

இங்கே ஹங்கேரியின் கரோலி தகாச்சைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். ராணுவ சார்ஜண்டான அவருக்கு 1938இல் பழுதான கையெறிகுண்டு வெடித்து வலது கை நாசமானது. இடது கையால் பழகி 1948 லண்டன் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வாங்கினார், 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும். மகத்தான கதை. ஆனால் இந்த இடத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. தகாச்சுக்கு இடது கையைப் பழக்க வருடங்கள் இருந்தன. மிரேலெஸுக்கு இருந்தது சில நொடிகள். அந்தப் பழகும் காலத்தைச் சண்டைக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவதுதான் காயப் பாவனைப் பயிற்சியின் மொத்த நோக்கமும்.

ராணுவத்தில் இது இன்னொரு பக்கமாக வளர்ந்தது. 1990களில் போர்க்கள முதலுதவி முறைகளைத் திருத்தி எழுதியபோது, சுட்டுக்கொண்டிருக்கும்போதே சிகிச்சை என்ற நிலைக்கு முதல் வேலையாக வைத்தது கட்டுப்போடுவதை அல்ல. திருப்பிச் சுட்டுக்கொண்டே மறைவுக்குப் போவதை. அடுத்து ரத்தத்தை நிறுத்துவது. 2000களில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பரவிய இறுக்குப்பட்டைகள், காயம்பட்டவரே ஒற்றைக் கையால் தன் கைக்குப் போட்டு முறுக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பிறகு அவை போலீஸ் பெல்ட்டுகளுக்கும் வந்தன. இன்றைய பயிற்சிகளில் கையைக் கட்டிவிட்டுச் சுடச் சொல்வதோடு, செயற்கை ரத்தம் பூசி, "இப்போது பட்டையைப் போடு" என்றும் சொல்கிறார்கள். மியாமி ஏஜெண்டுகளின் இடுப்பில் அப்படி ஒன்று இல்லை.

தோட்டாக் கதைக்கும் ஒரு முடிவு உண்டு. 2014 வாக்கில் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு தோட்டாவை மறுபடி ஆராய்ந்தது. புதுவகை 9 மி.மீ. தோட்டாக்கள் போதுமான ஆழம் போகின்றன, உதைப்பு குறைவு, பெரும்பாலானவர்கள் இதில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்றது. 2016இல் 9 மி.மீ. க்ளாக் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 30 வருடம் சுற்றிவிட்டு, டவ் அன்று பிடித்திருந்த அதே அளவுத் தோட்டாவுக்குத் திரும்பியாயிற்று. உதைப்பு குறைந்ததில் யாரும் பெரிதாகப் பேசாத லாபம் ஒன்று இருக்கிறது: ஒற்றைக் கையால் சுடுகிறவருக்கும் அது சுலபம். 2013இல் வந்த எஃப்.பி.ஐ. கைத்துப்பாக்கித் தேர்வில் மொத்தம் 60 தோட்டாக்கள் இருந்தன. அவற்றில் கை மாற்றிச் சுட வேண்டியிருந்தவை ஒரு சில மட்டுமே, அதுவும் மிக அருகில் நின்று. காயம்பட்ட கையோடு தோட்டா நிரப்புவது அந்தத் தேர்வின் மதிப்பெண்ணில் சேரவில்லை.